எட்டாம் மாதப் பிள்ளை

“ஏழு தங்கும் மிஸ்ஸி. எட்டு தங்காது.”

வார்டு வாசலில் நின்றுகொண்டு அந்தப் பாட்டி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். உள்ளே இன்குபேட்டரில் அவருடைய பேரன் கிடந்தான். 31 வாரம், 1,420 கிராம், பிறந்து ஆறு மணி நேரம். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறிப்போனதால் வயிற்றைக் கீறி எடுத்திருந்தார்கள். பாட்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குரலில் அழுகை இல்லை. கடைக் கணக்கை முடித்து நோட்டை மூடிவைப்பவரின் குரல் அது.

மலேசியாவின் தெலுக் இந்தானில் பச்சிளங்குழந்தைப் பிரிவுத் தாதியாக எனக்கு இது இருபத்தேழாவது வருடம். எங்கள் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம் மட்டும்தான் ஞாபகம் வரும். வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊரைச் சுற்றியிருக்கும் செம்பனை, எண்ணெய்ப் பனைதான், யாருடைய படத்திலும் விழுவதில்லை. அந்தச் செம்பனையில் ஒரு பகுதி முன்பு கித்தாக் காடாக, ரப்பர் தோட்டமாக இருந்தது. அங்கே லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள் இன்று ஊரோரத்து மலிவு விலை வீடுகளில் இருக்கிறார்கள். லயத்தை விட்டு வந்தபோது சட்டி பானையோடு சில பேச்சுகளையும் கொண்டுவந்தார்கள். “எட்டு தங்காது” அவற்றில் ஒன்று.

நம் கணக்கில் பிள்ளைக்குப் பத்து மாதம், மருத்துவமனைக் கணக்கில் 40 வாரம். மாதத்துக்கு நான்கு வாரம் என்று வகுத்தால் இரண்டும் ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் ஏழாம் மாதம் 25 முதல் 28 வாரம் வரை, எட்டாம் மாதம் 29 முதல் 32 வரை. 25 வாரப் பிள்ளையை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். தோல் வெந்த ஜவ்வரிசி போலிருக்கும். உள்ளே ஓடும் நரம்பு தெரியும். சில பிள்ளைகளுக்கு இமைகூடப் பிரிந்திருக்காது. அந்தப் பிள்ளையையும் 32 வாரப் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த எவரும் ஏழு தங்கும், எட்டு தங்காது என்று வாய் திறக்க மாட்டார்கள். கருப்பையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். இதில் எட்டுக்கு விலக்கு ஒன்றும் கிடையாது.

பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? நம் ஊரில் மட்டுமல்ல, பழைய கிரேக்க வைத்தியர்களும் இதையே சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்கென்று ஒரு விளக்கம் உண்டு. தங்கிய ஏழு மாதப் பிள்ளைகள் என்று லயத்தில் பேர்போனவர்கள் எல்லாம் கல்யாணம் முடிந்து ஏழாம் மாதம் பிறந்தவர்கள். மூன்று கிலோ எடை, தலை நிறைய முடி, லயத்துக்கே கேட்கும் அழுகை. அந்தப் பிள்ளைகள் தங்காமல் என்ன செய்யும்? பிரசவம் பார்த்த ஆயாக்களுக்கு உண்மை தெரியும். குடும்ப மானத்தை உத்தேசித்து “ஏழு மாதம்” என்று எழுதச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கருணையின் கடனை எட்டாம் மாதப் பிள்ளைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இந்த விஷயத்தில் நான் நடுநிலையாக இருக்க முடியாது. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். 1971-இல், ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தான். பெயர் வைக்கவில்லை. பிறந்த இரண்டாம் நாள் இறந்துபோனான். “எட்டாம் மாதம், தங்கவில்லை” என்பதோடு வீட்டில் அவனைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். அம்மா எப்போதாவது ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்வார்: “பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டே இருந்தான்.”

பணியில் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக்கான மேற்பயிற்சிக்குப் போனேன். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, பயிற்றுநர் குறைமாதப் பிள்ளைகளின் மூச்சுத் திணறலை விளக்கினார். பிள்ளை மூச்சை வெளியே விடும்போது தொண்டையைப் பாதி மூடிக்கொள்ளும். அப்போது ஒரு முனகல் வரும். நுரையீரலின் சிறு பைகள் ஒட்டி மூடிவிடாமல் உள்ளே கொஞ்சம் காற்றை நிறுத்திவைக்க அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. நாள் முழுக்க ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படி முனகி, கடைசியில் களைத்துப்போகும். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பூனைக்குட்டி.

இன்று அந்த முனகல் செய்யும் வேலையை ஒரு குழாய் செய்கிறது. சி-பேப் என்போம். மூக்கு வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தி, நுரையீரல் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் முறை. எங்களிடம் இருப்பதில் ஒரு வகை, காற்று வெளியேறும் குழாயின் முனையைத் தண்ணீர்ப் புட்டியில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்த்திவைப்பது. எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தம். புட்டி நாள் முழுக்கக் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். அடுப்படியில் உலை கொதிக்கும் சத்தம்தான். இரவுப் பணியில் அது நின்றால், அலாரம் அடிக்கும் முன்பே எனக்குக் கேட்டுவிடும். இந்த முறையைக் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்திய அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கிரெகரியின் குழு அதை அச்சில் வெளியிட்ட ஆண்டு 1971. அண்ணன் பிறந்த அதே ஆண்டு. அந்தச் செய்தி அந்த லயத்துக்கு எப்போது வந்து சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

பல வருடம் எனக்குக் கோபம் வேறிடத்தில் இருந்தது. அண்ணன் பிறந்த இரவு மழை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். லாரி கேட்டு அப்பா மானேஜர் பங்களாவுக்குப் போனார், காலையில் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். “எட்டாம் மாதம்” என்ற சொல் அந்த லாரியையும் டிரெசரையும் பங்களாவையும் ஒரே மூச்சில் விடுதலை செய்துவிட்டது. யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. மாதம்தானே குற்றவாளி.

பிறகு பாட்ரிக் கென்னடியைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன், 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தவன். எடை இரண்டு கிலோவுக்கு மேல். எங்கள் வார்டில் இன்று அவன் அவ்வளவு பெரிய கவலை இல்லை. ஹெலிகாப்டரும் மருத்துவர் பட்டாளமும் இருந்தும் 39 மணி நேரம்தான் உயிரோடிருந்தான். அண்ணனுக்கு வந்த அதே நோய்தான் அவனுக்கும். லாரி வந்திருந்தாலும் 1971-இல் எங்கள் ஊரில் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அதைப் புரிந்துகொண்டபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. முழுவதும் தணிந்தது என்று சொல்ல மாட்டேன். லாரி வந்திருக்க வேண்டும்.

பாட்டியின் பேரனுக்கு வருகிறேன். அவனுக்கு சி-பேப் மட்டும் போதவில்லை. மார்பு உள்வாங்கியது, முனகல் ஏறியது. சர்ஃபாக்டன்ட் கொடுத்தார்கள். நுரையீரலின் சிறு பைகளுக்குள் வழவழப்பாகப் பூசியிருந்து அவற்றை ஒட்டாமல் காக்கும் பொருள் அது. நிறைமாதப் பிள்ளைக்குத் தானாகவே சுரந்திருக்கும், குறைமாதப் பிள்ளைக்குப் போதிய அளவு இருக்காது. திணறலுக்குக் காரணம் இதுதான் என்று 1959-இல் அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி கண்டுசொன்னார். 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழு பத்துப் பிள்ளைகளுக்கு மருந்தாகக் கொடுத்து வழி காட்டியது. மருந்து எடுக்கப்படுவது மாட்டின் நுரையீரலிலிருந்து, அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து. நம் நாட்டில் இதைப் பெற்றோரிடம் விளக்குவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வகைக்கு மலாய்க் குடும்பம் யோசிக்கும், இன்னொரு வகைக்கு நம் குடும்பம் யோசிக்கும். மறுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சைவம் சாப்பிடும் ஓர் அப்பா மட்டும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “பாலும் மாடுதானே கொடுக்கிறது, இதையும் கொடுக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலை என்றால் கொஞ்சுவது, தாலாட்டுவது என்று வெளியில் நினைக்கிறார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது கையை எடுத்துக்கொள்வதை. குறைமாதப் பிள்ளைக்கு ஒவ்வொரு தொடுதலும் செலவு. ஆகையால் ஈரத்துணி மாற்றுவது, சூடு பார்ப்பது, பால் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு இன்குபேட்டரின் மேல் போர்வையை இழுத்துவிட வேண்டும். கழற்றிய ஈரத்துணியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. தராசில் வைக்க வேண்டும். கூடியிருக்கும் ஒரு கிராம், ஒரு மில்லிலிட்டர் சிறுநீர். பிராணவாயுவைக் கூட்டத் தெரிந்தவர்கள் நிறைய பேர், குறைக்கத் தெரிந்தவர்தான் தாதி. 1940களிலும் 50களிலும் தாராளமாக பிராணவாயு கொடுத்ததில் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான குறைமாதப் பிள்ளைகள் கண்பார்வையை இழந்தார்கள். இன்று இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் திரையில் எண் 95-ஐத் தாண்டினாலும் எங்களுக்குக் கவலை.

இந்தப் பிள்ளைகள் மூச்சுவிட மறந்தும் போவார்கள். இருபது வினாடி, சில சமயம் அதற்கும் மேல். உள்ளங்காலை லேசாகச் சுண்டினால் “ஓ, ஆமாம்” என்பதுபோல் மறுபடியும் இழுத்துவிடுவார்கள். இந்த மறதிக்குக் கொடுக்கும் மருந்து கஃபீன். காப்பியில் இருக்கும் அதேதான். இரவு மூன்று மணிக்கு நான் கோப்பி-ஓ குடித்துவிட்டு வந்து அவர்களுக்கு அவர்கள் பங்கைக் கொடுப்பேன். மொத்த வார்டும் காப்பியில்தான் ஓடுகிறது.

தவறும் செய்திருக்கிறேன். ஏழெட்டு வருட அனுபவம் இருந்தபோது, வேலை நெருக்கடியில் ஒரு பிள்ளையின் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துநீரை ஒரு தடவை பார்க்காமல் விட்டேன். அது நரம்பை விட்டுத் தோலுக்கடியில் இறங்கியிருந்தது. கட்டைப் பிரித்தபோது புறங்கை வெளுத்திருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, தழும்பு இருக்கிறது. ஒருவருக்கு ஒரு பிள்ளை என்பதெல்லாம் ஏட்டில்தான், அன்று எனக்கு மூன்று. ஆனாலும் அந்தக் கை என் பொறுப்பில் இருந்தது.

பாட்டியின் பேரன் இரண்டாம் நாள் தேறினான். இப்போது அவனுக்கு வேண்டியது பால். முதலில் இரண்டு மில்லிலிட்டர், வாய்வழியாகப் போகும் மெல்லிய குழாயில். அந்த இரண்டு மில்லிலிட்டரும் தாயின் சீம்பாலாக இருந்தால் நல்லது. குறைமாதப் பிள்ளைகளின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் பால் வரவில்லை. பிரசவ வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்ச வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவள் ஒருமுறைகூடச் செய்யவில்லை.

“அத்தை வேண்டாம் என்கிறார் மிஸ்ஸி. தங்காத பிள்ளைக்குப் பாலை ஏன் வளர்க்கிறாய், வற்றவிடு என்கிறார். பார்க்கவும் போகாதே, பார்த்தால் மனது ஒட்டிக்கொள்ளும் என்கிறார்.”

அப்போதுதான் எனக்கு அந்தப் பேச்சின் மறுபக்கம் உறைத்தது. எட்டு தங்காது என்று நம்பினால் பால் வற்றும். தாய் வரமாட்டாள். பெயர் வைக்க மாட்டார்கள். மணிக்கட்டுப் பட்டையில் ‘இன்னாரின் குழந்தை’ என்று தாயின் பெயரே ஒட்டியிருக்கும். அப்புறம் உண்மையிலேயே தங்காமல் போகலாம், பேச்சு ஜெயித்துவிடும்.

பாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். புள்ளிவிவரம் சொல்லலாம், நுரையீரல் படம் வரையலாம். இருபத்தேழு வருடத்தில் அதெல்லாம் செய்து பார்த்திருக்கிறேன். பாட்டிமார்கள் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். அன்று பிள்ளையின் மருத்துவக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தை மாற்றாமல் சொன்னேன்: “பாட்டி, ஸ்கேனில் தேதி சரியாகப் பார்த்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஏழு மாதம்தான்.”

பாட்டி என்னை உற்றுப் பார்த்தார். “ஏழா?”

“ஏழு.”

அன்று சாயங்காலம் ஊசிக் குழலில் ஒன்றரை மில்லிலிட்டர் மஞ்சள் பால் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் பாட்டி. முழங்கைவரை கைகழுவச் சொன்னேன், கழுவினார். முதல்முறையாகப் பேரனைப் பார்த்தார். “அவன் அப்பாவின் காது” என்றார்.

நான் சொன்னது பொய். 31 வாரம் எந்தக் கணக்கிலும் எட்டாம் மாதம்தான். கூட நின்ற இளம் தாதி, பட்டப்படிப்பு முடித்துவிட்டு வந்தவள், என்னிடம் துணிந்து சொன்னாள்: “அக்கா, நீங்கள் அந்த மூடநம்பிக்கைக்குச் சோறு போட்டுவிட்டீர்கள். ஏழு மாதம், அதனால் பிழைத்தது என்று இனி ஊரெல்லாம் சொல்லுவார். அடுத்த எட்டு மாதப் பிள்ளை வந்தால்?” அவள் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு அன்றைக்கு அடுத்த பிள்ளை கண்ணில் தெரியவில்லை.

நம்பிக்கை வந்துவிட்ட பாட்டியைச் சமாளிப்பது அடுத்த பாடு. நான்காம் நாள் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த மெத்தென்ற துணிகளோடு வந்தார். டிரங்குப் பெட்டியில் பத்து வருடமாக வைத்திருந்ததாம். பையைத் திறந்தவுடன் அந்துருண்டை வாசம். அதே பிள்ளைக்குத்தான் தொப்புள்கொடி இரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்ற நொதியின் குறைபாடு என்று வந்திருந்தது. நம் நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பார்த்துவிடுகிறார்கள், நல்ல ஏற்பாடு. இந்தக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்துருண்டையின் நாப்தலின் ஆகாது. சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை மளமளவென்று ஏறும், மூளையைப் பாதிக்கலாம். துணிகளை இரண்டு பைக்குள் கட்டித் திருப்பிக் கொடுத்தேன். பாட்டியின் முகம் வாடியது. அன்புக்கு அந்துருண்டை வாசம் என்று யாருக்கும் தெரியாதே.

காமாலை எப்படியும் கொஞ்சம் வந்தது, நீல விளக்கின் கீழே வைத்தோம். வெயிலில் காட்டினால் போதாதா என்று பாட்டி கேட்டார். அதில் பாதி நியாயம் உண்டு. 1950களில் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு என்ற இடத்து மருத்துவமனையில் சிஸ்டர் வார்டு என்ற தாதி, குறைமாதப் பிள்ளைகளை நல்ல வெயில் நாளில் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாராம். ஒருநாள் ஒரு பிள்ளையின் துணியை விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது, துணியின் மூலை மறைத்திருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாக இருந்தது. அதிலிருந்து பிறந்தது இந்த ஒளி சிகிச்சை. 1958-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் என்று மூன்று பேர் பெயர் இருக்கிறது, அந்த மூவரில் சிஸ்டர் வார்டு இல்லை. இந்தக் கதையை ஒவ்வொரு புதுத் தாதிக்கும் சொல்லாமல் விடமாட்டேன். பாட்டிக்கும் சொன்னேன். “வெயில் சரிதான் பாட்டி. ஆனால் இந்த விளக்குக்கு மேகம் வராது.”

மூன்றாவது வாரம் அவன் தாயின் மார்பில் ஏறினான். துணியில்லாமல், தோலோடு தோல். கங்காரு முறை என்பார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. இயந்திரம் இல்லாத இடத்தில் கண்டுபிடித்ததை இயந்திரம் உள்ளவர்களும் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண் தினமும் பஸ்ஸில் வருவாள். பேரங்காடியில் காசாளராக வேலை. 2023 முதல் தாய்மார்களுக்குச் சட்டப்படி 98 நாள் விடுப்பு, அதற்குமுன் 60 நாள்தான். நல்லது. ஆனால் அவளுடைய விடுப்பில் முதல் ஐந்து வாரம் எங்கள் வார்டு நாற்காலியில் கழிந்தது. குறைமாதப் பிள்ளையின் தாய்க்கு விடுப்புக் கணக்கு பிரசவ நாளிலிருந்து தொடங்குவதை விடப் பிள்ளை வீட்டுக்குப் போகும் நாளிலிருந்து தொடங்கினால் என்ன என்று எனக்குத் தோன்றும். தோன்றி என்ன செய்ய.

36 வாரம் ஆனபோது, 1,980 கிராமில் வீட்டுக்குப் போனான். பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று இரவு அம்மாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன். சிரிப்பார் என்றுதான் சொன்னேன். எழுபத்தாறு வயது, காது கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அவனுக்கும் யாராவது ஏழு என்று சொல்லியிருக்கலாம்” என்றார்.

சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அப்போது மருந்தே இல்லை என்று ஆரம்பித்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“பிழைத்திருப்பான் என்று சொல்லவில்லை. தூக்கியாவது வைத்திருப்பேன். ஆயா வேண்டாம் என்றுவிட்டார், ஒட்டிக்கொள்ளும் என்று. முறத்தில் போட்டு மூலையில் வைத்திருந்தார்கள். அங்கேயிருந்துதான் முனகிக்கொண்டே இருந்தான்.”

பிறகு, நான் கேட்காமலேயே, ஐம்பது வருடத்தில் சொல்லாததைச் சொன்னார். ஒரு வாரம் கழித்து வீட்டில் உட்கார முடியாமல் அப்பாவோடு அவர் பால் வெட்டும் கித்தா மர நிரைக்குப் போயிருக்கிறார். மார்பு கட்டி, வலி தாங்கவில்லை. அப்பா மரத்துக்கு மரம் கோப்பையிலிருந்து வாளிக்குப் பால் ஊற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அம்மா ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, ரவிக்கையைத் தளர்த்தி, வேரில் பீய்ச்சியிருக்கிறார்.

“எவ்வளவு இருக்கும் அம்மா?” என்று கேட்டேன். வேலைப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அம்மா யோசித்தார். கையைக் குவித்துக் காட்டினார். “பால் கோப்பைக்கு ஒரு கோப்பை வரும்.”